தேரியில் இறங்காத வண்டி

எய்யா,

நீ போய்ச் சேர்ந்து அனுப்பிய படங்கள் எல்லாம் வந்தன. குளிருக்கு நீ மாட்டியிருக்கும் கோட்டைப் பார்த்து உன் அம்மா, "எவன் கோட்டையோ எடுத்துப் போட்டுட்டு நிக்கான் பாருங்க" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போனவள் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. அது இருக்கட்டும். படங்களோடு நீ இன்னொன்றும் அனுப்பியிருந்தாய். உன் கார்க்கார நண்பர்கள் குழுவுக்காக நீ எழுதிய கட்டுரை. இன்றைய சொகுசு எஸ்.யு.வி.க்கள் காடுமேட்டில் ஓடும் முரட்டுத்தனத்தை இழந்துவிட்டனவா என்று கேள்வி போட்டு, ஆமாம், இழந்துவிட்டன என்று நீயே தீர்ப்பும் சொல்லியிருந்தாய். எப்படி இருக்கு என்று என்னைக் கேட்டாய். போனில் "நல்லாருக்குய்யா" என்று சொல்லிவிட்டேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் எழுதியது சரியில்லை. அதைப் போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன். நம் இரண்டு பேருக்குமே அந்த வியாதி உண்டு. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சக்கரம் வைத்த வரவேற்பறை என்று இந்த வண்டிகளை எழுதியிருக்கிறாய். நம்முடைய பழைய ஜீப் போன இடத்துக்கு இவற்றால் போகவே முடியாது என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஜீப்பைத் தெய்வமாக்கிவிட்டாய். உப்பளத்தில் மேற்பார்வை பார்த்த காலம் முழுக்க அதில் உட்கார்ந்தவன் நான், என்னைக் கேள். உப்புக் காற்றில் அடித் தகடு அரித்து, காலுக்குக் கீழே ரோடு ஓடுவது தெரியும். அந்த ஓட்டை வழியாக நீ கடலைமிட்டாய்த் தாளைப் போட்டு விளையாடுவாய். மழை பெய்தால் உள்ளே இருப்பதும் வெளியே நிற்பதும் ஒன்றுதான். ஒரு ஐப்பசியில் விளாத்திகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, போகிற வழியில் உப்பளத்தை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவோம் என்று திருப்பினேன். வண்டி வரப்பில் வழுக்கிப் பாத்திக்குள் இறங்கிவிட்டது. உன் அம்மா பட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு உப்புத் தண்ணிக்குள் நடந்து வந்தாள். "இந்த ஜீப்பையே கட்டிக்கிட்டிருக்கலாம்லா, என்னை எதுக்குக் கட்டுனீய?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நாங்கள் போய்ச் சேரும்போது மாப்பிள்ளையையும் பெண்ணையுமே மறுவீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது.

நம் சாஸ்தா கோயிலுக்குப் பங்குனி உத்திரத்துக்குப் போவோமே, அதையும் எழுதியிருக்கிறாய். தேரிக்குள் புழுதி பறக்க ஜீப் பாய்ந்ததாக எழுதியிருக்கிறாய். எங்கே பாய்ந்தது? நீ ஆதிச்சநல்லூர் தாண்டுமுன் ஒரு வாந்தி எடுப்பாய், சாத்தான்குளம் தாண்டி இன்னொன்று எடுப்பாய், அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு அம்மா மடியில் கிடப்பாய். நீ எங்கே பார்த்தாய்? காற்று குவித்துப் போட்ட செம்மணல் மேடு அது. கால் வைத்தாலே உள்ளே வாங்கும். அதற்குள் அந்த ஜீப் ஒரு வருஷமாவது சிக்காமல் போனதாக எனக்கு நினைவில்லை. சிக்கியதும் எல்லோரும் இறங்குவோம். பனையோலையை இழுத்து வந்து சக்கரத்துக்கு முன்னால் போடுவோம். உன் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுவார். தள்ளுவதைவிடத் திட்டுவதுதான் அதிகம். வண்டியின் இரண்டு பக்கமும் உடைமுள் கிழித்த கோடுகள் இருக்கும். புதிதாக ஒரு கோடு விழுந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம், ஏனென்றால் ஏற்கெனவே அது பார்க்கச் சகிக்காது. அந்த ஜீப்பின் முரட்டுத்தனத்தில் பாதி அதுதான் ஐயா. கெட்டுப்போக அதில் ஒன்றும் மிச்சமில்லை.

நீ இங்கே விட்டுப்போன உன் சொகுசு வண்டியைப் பற்றி நீ சொன்ன குறைகளில் உண்மை இல்லாமல் இல்லை. அழகுக்காகச் சக்கரத்தைப் பெரிதாக்கி, அதைச் சுற்றி டயரை மெல்லிசாக ஒட்டிவைத்திருக்கிறான் கம்பெனிக்காரன். மணலில் காற்றைக் குறைத்து ஓட்டலாம் என்றால் குறைப்பதற்கு அங்கே டயரே இல்லை. முன்பக்கம் மூக்கை நீட்டி இறக்கியிருக்கிறான். ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பம்பும் பஞ்சர் ஒட்டும் பசை டப்பாவும் இருக்கிறது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று செய்த வண்டிதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "போகவே முடியாது" என்று எழுதினாயே, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த வண்டி தேரிக்குள் போகும். இந்தப் பங்குனியில் நீ கோயிலில் நின்ற நேரத்தில் நான் அதைக் கண்ணால் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

அன்றைக்கு நடந்ததில் உனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். முதலில் இதைத் தெரிந்துகொள். நம் வகையறாவில் எத்தனை குடும்பம் பொங்கல் வைத்தாலும் முதல் அடுப்புக்கு மூத்தவன்தான் தீ வைப்பான். அதிலிருந்து எடுத்துத்தான் மற்ற அடுப்புகள் பற்றும். உன் பெரியப்பா இருந்தவரை அவர் வைத்தார். அவர் போனபிறகு ஒரு வருஷம் நாம் கோயிலுக்குப் போகவில்லை. தலைத்திவசம் முடிந்து இந்தப் பங்குனிதான் முதல் பங்குனி. இப்போது மூத்தவன் நான். அதை உன்னிடம் நான் எடுத்துச் சொல்லவில்லை, தானாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நீ பிறந்ததிலிருந்து துறைமுகச் சங்குச் சத்தம் கேட்டு வளர்ந்தவன், உனக்கு எப்படித் தெரியும்? இடுப்பு எலும்பு முறிந்து பிளேட் வைத்ததிலிருந்து வாக்கர் இல்லாமல் எனக்கு நடை இல்லை. மணலில் வாக்கர் என்ன செய்யும்? ஆனாலும் எனக்குக் கவலையே இல்லை. உன் வண்டி இருக்கிறதே என்று இருந்தேன். முந்தின நாள் தாடியை மழித்துக்கொண்டு, புது வேட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

தார் ரோடு முடிகிற இடத்தில் நிறுத்தினாய். இறங்கிப் போய் மணலைக் கையில் அள்ளிப் பார்த்தாய். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாய். பாதையின் இரண்டு பக்கமும் உடைமரக் கிளைகள் நீட்டிக்கொண்டிருந்தன. திரும்பி வந்து கண்ணாடியை இறக்கச் சொல்லி, "ரெண்டு பக்கமும் உரசும் போலப்பா" என்றாய். நான் "ஆமாய்யா, உரசத்தான் செய்யும். வேண்டாம், விடு" என்றேன். உன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை நான் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு போவோம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. முந்தின வாரம்தான் கதவில் என் கை பதிந்த இடத்தை நீ துணியால் துடைத்ததைப் பார்த்திருந்தேன். கோபமாகத் துடைக்கவில்லை, குழந்தைக்கு வாய் துடைக்கிற மாதிரித்தான் துடைத்தாய். அதனால்தான் எனக்குச் சொல்ல வரவில்லை.

கோயிலுக்குத் தண்ணீர் டிரம் ஏற்றிக்கொண்டு வந்த உன் சித்தப்பா மகன் சுடலைமுத்து, நம்மைப் பார்த்துவிட்டு அவனுடைய குட்டியானை லோடு வண்டியை நிறுத்தினான். "பெரியப்பா, ஏன் இங்கன இருக்கிய? ஏறுங்க. டிரம்முக்கு நடுவுல சேர் போட்டு உக்கார வச்சு ராசா மாதிரிக் கொண்டு போறேன்" என்றான். ஏறியிருக்கலாம். ஏறியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் மகன் கப்பல் மாதிரி வண்டி வைத்திருக்கிறான், அப்பன் தண்ணீர் டிரம்மோடு வந்து இறங்குகிறான் என்று நம் ஆட்கள் பேசுவார்களே என்று நினைத்தேன். உனக்குத் தலைகுனிவாகிவிடும் என்று நினைத்தேன். "இல்லலே, எனக்கு இங்கனயே சுகமா இருக்கு. நீ போ" என்றேன். நீயும், "அப்பாவுக்கு அந்தக் குலுக்கல் ஆகாதுலே" என்றாய். ஒருவனுக்கு ஒருவன் கௌரவம் பார்த்தோம். யார் கௌரவத்தை யார் காப்பாற்றினோமோ தெரியவில்லை.

நீயும் அம்மாவும் பானையையும் சாமானையும் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கி நடந்தீர்கள். போகுமுன் ஏசியை ஓடவிட்டு, முதுகைப் பிடித்துவிடும் பொத்தானையும் அமுக்கிவிட்டுப் போனாய். அக்கறையோடுதான் செய்தாய், நான் குறை சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் சுடலைமுத்து மறுபடி வந்தான். "பெரியப்பா, அடுப்பு கூட்டியாச்சு. அப்பா கேக்காவ, நீங்க வாரீயளா, இல்ல என்ன செய்ய? வெயில் ஏறிட்டு, பிள்ளையெல்லாம் பசிக்குன்னு அழுதுவ" என்றான். "உங்க அப்பாவையே வைக்கச் சொல்லு" என்றேன். அவன் என் முகத்தையே பார்த்தான். அவனுக்குத் தெரியும். மூத்தவன் தன் வாயால் அந்தத் தீயை இளையவனுக்குக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான், திரும்ப வாங்குகிற வழக்கம் நம்மிடம் இல்லை. "யோசிச்சுச் சொல்லுங்க பெரியப்பா" என்றான். "போலே, பிள்ளைகளைப் பட்டினி போடாதே" என்று விரட்டினேன். அவன் போனபிறகு குலவைச் சத்தம் கேட்டது. நம் குடும்பத்து முதல் தீ பற்றுகிற நேரத்தில், ஒரு நாற்காலி எனக்கு முதுகு பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன் ஐயா. அழுவதற்கு வசதியான இடம்தான், கண்ணாடியெல்லாம் கறுப்பு.

அப்போதுதான் அந்த இன்னொரு வண்டி வந்தது. உன் வண்டியேதான், நிறம் மட்டும் வேறே. உள்ளே ஆட்களும் பானையும் வாழைத்தாரும் அடைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஓட்டி வந்தவர் தொந்தியும் தொப்பையுமாக ஒரு ஆள். தார் ரோட்டு முனையில் நிறுத்தி ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினார். படுத்திருந்த மாடு எழுந்திரிக்கிற மாதிரி வண்டி உயர்ந்தது. அப்படியே மணலில் இறக்கினார். கிளைகள் கறகறவென்று கீறும் சத்தம் எனக்குக் கண்ணாடிக்குள்ளேயே கேட்டது. பனைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒருமுறை சிக்கியது. எல்லோரும் இறங்கினார்கள், ஓலையைப் போட்டார்கள், தள்ளினார்கள், சத்தம் போட்டார்கள். வண்டி நகர்ந்து, மேட்டில் ஏறி, மறைந்தது. உன் வண்டிக்கும் அந்த உயரமும் அந்தப் பலமும் இருந்தது. உன் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டுதான் அதைப் பார்த்தேன்.

அவர்கள் திரும்பி வந்து தார் ரோட்டைத் தொடப் போகிற நேரத்தில், கீழே கிடந்த பனைமட்டையின் ரம்பம் போன்ற கருக்கு டயரின் பக்கவாட்டில் ஒரு கிழி கிழித்துவிட்டது. அந்த ஆள் இறங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். என் கண்ணாடிப் பக்கம் வந்து, "பாத்தியளா அண்ணாச்சி! ஸ்டெப்னி குடுன்னா பசை டப்பா குடுத்துருக்கான். இத வச்சு என்ன செய்ய, போஸ்டர் ஒட்டவா?" என்றார். சாமி கும்பிட்டாச்சா என்று கேட்டேன். "அதெல்லாம் திவ்யமா! எங்க ஐயாவ நடை வாசல்லயே கொண்டு எறக்கிட்டம்லா. அவரு கூட்டத்துல உக்காந்து எல்லாரையும் ஏசிட்டு இருக்காரு, பொறவு வந்துதான் கூட்டிட்டுப் போணும். நீங்க ஏன் இங்கனயே இருக்கிய?" என்றார். கால் வலி என்றேன்.

நீ சர்க்கரைப் பொங்கலை இலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு வரும்போது, அவர்கள் பனை நிழலில் வண்டியைத் தூக்க வரும் லாரிக்காகக் காத்திருந்தார்கள். நீ கிழிந்த டயரைப் பார்த்தாய், கதவில் இழுத்த கோடுகளைப் பார்த்தாய். "நல்லவேளைப்பா, நாம இறங்கல" என்றாய். நீ கோயிலுக்குப் பின்னால் பொங்கல் கூட்டத்திலும் புகையிலும் நின்றதால் அது நடை வாசலுக்கு வந்தது உனக்குத் தெரியாது. அந்த வண்டி கோயில் வரை போய்விட்டு வந்தது என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். "ஆமாய்யா, நல்லவேளை" என்றேன். உன் கட்டுரை முழுவதும் அந்த டயரிலிருந்துதான் வந்திருக்கிறது. ஆனால் வாசிக்க வாசிக்க எனக்கு வேறொன்றும் புரிந்தது. வீட்டுக்கு வந்தபிறகு உன் அம்மாவோ சித்தப்பாவோ அந்தத் தீயைப் பற்றி உன்னிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் அத்தனை ஆசையாக வாங்கிய வண்டியை நீ இப்படித் திட்டி எழுத மாட்டாய். அது போகாத வண்டியாக இருந்தால் உனக்கு மனசு ஆறும். எனக்கும்தான் ஆறும். ஆனால் பாவம், அது வாயில்லாத வண்டி. அதன்மேல் பழி போடாதே. ஜீப்பும் அடிபட்டுத்தான் போனது, இதுவும் அடிபட்டுத்தான் போயிருக்கும். அது அடிபடுவதைத் தாங்க முடியாமல் போனது நமக்குத்தான். நீ அதைச் சொல்லவில்லை, நான் உன்னைச் சொல்ல விடவில்லை.

அங்கேயும் ஒரு வண்டி வாங்குவாய், வீடு வாங்குவாய், நாளைக்கு ஒரு பெண்ணைக் கட்டுவாய். ஒன்றே ஒன்று சொல்கிறேன். யாராவது உன்னிடம் "வேண்டாம்" என்று சொன்னால் இன்னொரு தரம் கேள். நம் ஊரில் முதல் வேண்டாமுக்கு மரியாதையே கிடையாது. பந்தியில் இரண்டாம் தரம் கேட்டால்தான் இலையில் வாங்குவோம். நீ இன்னொரு தரம் கேட்டிருந்தால், "போலே, பாத்துக்கிடலாம்" என்று சொல்லியிருப்பேன். நீ கேட்காமலேயே நான் அதைச் சொல்லியிருக்கவும் வேண்டும். பெரியவன் நான்தானே. இதை நினைத்து நீ அங்கே தனியாக உட்கார்ந்து குமைய வேண்டாம். உன் சித்தப்பா தீயை நன்றாகத்தான் வைத்தான், பொங்கல் நன்றாகத்தான் பொங்கியது. எனக்குத்தான் அதை ஒருமுறை செய்ய ஆசை இருந்தது. இனி அது இல்லை, அவ்வளவுதான்.

நீ விமானம் ஏறிய மறுநாள் சுடலைமுத்து வந்தான். ஷெட்டில் நின்ற வண்டியைச் சுற்றி வந்து, "பெரியப்பா, சாவி ஒங்ககிட்டதான இருக்கு? வாங்க, காலைலயே தேரிக்குப் போயிட்டு வந்துருவோம். நடை வாசல்லயே எறக்குதேன். கழுவி நிப்பாட்டிட்டா எவனுக்குத் தெரியும்?" என்றான். நல்ல பிள்ளை. எனக்கு ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன். அவன் இரண்டாம் தரமும் கேட்டான், மூன்றாம் தரமும் கேட்டான். கோயிலுக்குப் போவதுதான் காரியம் என்றால் அவனுடைய குட்டியானை போதும், அடுத்த பங்குனிக்கு அதில்தான் போகப்போகிறேன். இந்த வண்டியில் போவதென்றால் நீதான் ஓட்ட வேண்டும். அதை அவனிடம் எப்படிச் சொல்வது? இடுப்பு வலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இன்று காலை நாகர்கோவிலிலிருந்து ஒருவர் வண்டியை விலைக்குப் பார்க்க வந்தார். நீ போனில் பேசி அனுப்பியவர்தான். நல்ல மனிதர், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். குனிந்து அடியில் பார்த்தார், டயரைத் தடவினார், கதவுகளைச் சாய்ந்து நின்று வெளிச்சத்தில் பார்த்தார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். "அண்ணாச்சி, நீங்க பெரியவங்க, உள்ளதச் சொல்லணும். வண்டிய காட்டுல மேட்டுல, மணல்ல கிணல்ல எங்கயும் எறக்கிருக்கியளா?"

"இல்ல தம்பி" என்றேன். "ஒரு தடவை எறங்க வேண்டியது இருந்துச்சு. எறங்கல."

அவருக்கு ரொம்ப சந்தோஷம்.